பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: "அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சுமார் 400 பழைய போட்டோக்கள் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையும் கலரும் கலந்து கிடக்கிறது. அம்மாவுக்கு 78 வயது. நல்லதாகச் சிலவற்றை எடுத்து ஆல்பத்தில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் கதையை எழுதி வைக்க ஆசை. ஆனால் 'பெரியப்பா கல்யாணம், 1965' என்பதற்கு மேல் ஒரு வரியும் வரமாட்டேன் என்கிறது. என்ன எழுதுவது? எதில், எப்படி எழுதி வைப்பது?"

பதில்:

ஆல்பம், தாள், பசை எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதல் வேலை அம்மாவோடு உட்காருவது. அந்தப் பெட்டியில் இருக்கும் பாதி முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர் உங்கள் குடும்பத்தில் இனி அவர் ஒருவராகத்தான் இருப்பார். அழகான ஆல்பம் தேடி நாலு மாதம் போய்விட்டால் அந்த நாலு மாதம் திரும்பக் கிடைக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று படங்களோடு தொடங்குங்கள்.

வரி வராததற்குக் காரணம் உங்களுக்கு எழுத வராதது இல்லை. படத்தில் ஏற்கெனவே தெரிவதையே எழுதப் பார்க்கிறீர்கள். கல்யாணம் என்பது மாலையைப் பார்த்தாலே தெரிகிறது. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கும்? கேமராவில் விழாதது எதுவோ அதை எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவையின் நிறம் விழவில்லை. யாருடைய நகை என்பது விழவில்லை. படத்தில் நிற்காதவர் ஏன் நிற்கவில்லை என்பது விழவில்லை. படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதும் விழவில்லை.

உதாரணத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கும் படம்தான். சடங்கான பெண் பூ ஜடையோடு ஸ்டுடியோவில் நிற்கிறாள். ஜடை தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் ஒரு ஆளுயரக் கண்ணாடி. அடியில் சாதாரணமாக எழுதப்படும் வரி இது: "அக்காவின் சடங்கு. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்த மறக்க முடியாத நாள்." எந்த வீட்டு எந்தப் பெண்ணின் படத்துக்கும் இதைப் போடலாம். இப்போது அதே படத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"சடங்கு முடிந்து மூன்றாம் நாள் எடுத்தது. பட்டுப்பாவாடை கத்தரிப்பூ நிறம், கரை மாம்பழ மஞ்சள். ஜடையை அத்தை தைத்தாள். வாழைமட்டையில் மல்லிகை மொட்டை வரிசை வரிசையாக வைத்து ஊசி நூலால் தைத்தது. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவள் ஒன்பதரைக்குத்தான் எழுந்தாள். மொட்டு நசுங்கிவிடும் என்று ரிக்‌ஷாவில் அக்கா முதுகைச் சாய்க்கவே இல்லை. கழுத்தில் இருக்கும் அட்டிகை எதிர்வீட்டு மாமியுடையது. விளக்கு வைப்பதற்குள் திருப்பிக் கொடுத்தாயிற்று. அப்பா வரவில்லை. இன்னொரு ஆளுக்கு வண்டிக் கூலி ஆகுமே என்று நின்றுவிட்டார் என்பது அம்மா சொன்னது. ஸ்டுடியோ என்றாலே அவருக்குக் கூச்சம் என்பது அத்தை சொன்னது."

எழுபது சொற்கூட இல்லை. சந்தோஷம், பெருமை, வறுமை என்று எந்தச் சொல்லும் இதில் வரவில்லை. அட்டிகை வரி ஒன்றே அந்த வீட்டின் பணநிலையையும் அந்தத் தெருவின் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. நிறம், செய்முறை, நேரம், இரவல் பொருள், வராத ஆள் என ஐந்து விஷயங்கள்தான் இருக்கின்றன. இவற்றில் இரண்டு கிடைத்தாலே ஒரு படத்துக்குப் போதும்.

இவையெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும் விதமும் முக்கியம். "அப்போ எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். உணர்ச்சியைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். "இந்தப் புடவை எந்தக் கடையில எடுத்தது?" "இந்த நாற்காலி யாரோடது?" "போட்டோ எடுத்தது யாரு, காசு யாரு குடுத்தா?" "அன்னிக்கு வீட்டுல என்ன சமையல்?" "இதுல இல்லாதவங்க யாரு?" கடைசிக் கேள்வியை எந்தப் படத்துக்கும் விட்டுவிடாதீர்கள். நீளமான கதைகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்பும்.

ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு படம் போதும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். வயதானவர்களுக்குக் களைப்பு வந்துவிட்டால் பதில்கள் சுருங்கி எல்லாம் "ஆமா, ஆமா" என்று ஆகிவிடும். 1960களில் பல வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 போன்ற கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம். நெகட்டிவ் ஆறு சென்டிமீட்டர் சதுரம். அதே அளவில் போட்ட பிரிண்டில் ஒரு முகம் மிளகு அளவுகூட இருக்காது. அதை 78 வயதுக் கண்ணிடம் நீட்டி "யாரு இது?" என்றால் பாவம், என்ன தெரியும்? முன்கூட்டியே ஸ்கேன் செய்து எட்டுக்கு ஆறு அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். டேப்லட்டில் பெரிதாக்கிக் காட்டுவதும் நல்லது. ஆனால் சிலர் காகிதத்தைத் தொட்டால்தான் பேசுவார்கள்.

சொல்லிவிட்டே போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் தேதி, படத்தின் எண், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எந்தப் பேச்சு எந்தப் படத்துக்கு என்று தெரியாது. அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பத்து விநாடி சும்மா இருங்கள். அந்த இடைவெளிக்குப் பிறகுதான் பெரும்பாலும் அசல் விஷயம் வரும். அதே படத்தை ஒரு வாரம் கழித்து மறுபடி காட்டுங்கள். முதல் தடவை கிளறியது இடையில் வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டாம் தடவை புதுப்பெயர் ஒன்றாவது வரும். முடிந்தால் சித்தியையோ மாமாவையோ கூட உட்கார வையுங்கள். "அது அந்த வீடு இல்லடி, கொல்லைப்பக்கம் கெணறு இருந்த வீடு" என்று ஒருவர் மற்றவரைத் திருத்தும் இடத்தில் எழுதிக்கொள்ள நிறைய கிடைக்கும்.

அடுத்து வருஷம். "1965" என்று நீங்கள் எழுதியிருப்பது எங்கிருந்து வந்தது? ஆதாரம் இல்லாமல் போட்ட வருஷம் பின்னால் யாராலும் திருத்த முடியாத தப்பாகிவிடும். கல்யாணம் என்றால் பத்திரிகையைத் தேடுங்கள். அதில் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை எல்லாம் இருக்கும். இங்கேதான் பலர் ஒரு வருஷம் சறுக்குகிறார்கள். 60 வருஷச் சுற்று பிரபவவில் தொடங்குகிறது; 1927 ஏப்ரலிலும் 1987 ஏப்ரலிலும் பிறந்தது பிரபவ. அதிலிருந்து எண்ணினால் 38ஆவதான குரோதி 1964 ஏப்ரலில் பிறக்கிறது. ஆனால் குரோதி வருஷம் தை மாதக் கல்யாணம் 1964இல் நடந்தது இல்லை. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும் என்பதால் அது 1965. மார்கழி மட்டும் இரண்டு வருஷத்தையும் தொட்டு நிற்கும். கணக்குப் போட்டபின் பழைய பஞ்சாங்கத்திலோ நாட்காட்டியிலோ கிழமை பொருந்துகிறதா என்று பாருங்கள்; பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு எண் தப்பு.

பத்திரிகை இல்லாத படங்களுக்கு அம்மாவிடம் வருஷம் கேட்டுப் பயனில்லை. முன்னா பின்னா என்று கேளுங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலுக்கு (1964 டிசம்பர்) முன்னாலா? அண்ணா இறந்ததற்கு (1969 பிப்ரவரி) முன்னாலா, பின்னாலா? சென்னையில் டிவி வந்தபிறகா (1975 ஆகஸ்ட்)? எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987 டிசம்பர்) இந்தக் குழந்தை நடந்ததா, தவழ்ந்ததா? கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் என்றால் மகாமகம் மாதிரி அளவுகோல் வேறில்லை: 1968, 1980, 1992, 2004, 2016. இரண்டு பக்கமும் ஒவ்வொரு எல்லை கிடைத்தால் "1969க்குப் பின், 1975க்கு முன்" என்று எழுதுங்கள். சரியான வருஷம்போல் ஒன்றை இட்டுக்கட்டுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

படமே சில சாட்சிகளைத் தரும். பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரையில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. அன்றுதான் அந்த முறை தொடங்கியது. "மெட்ராஸ்-17" என்று பழைய வட்டார அஞ்சல் எண் மட்டும் இருந்தால் பழசாக இருக்கலாம், ஆனால் அது உறுதி இல்லை. பழைய வழக்கத்தைப் பலர் பின்னாலும் விடவில்லை. வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருக்கும் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பேட்டரி மாற்றியவர் தேதியைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சுருள் முழுவதும் தப்பாக இருக்கும். கைப்பேசிக் காலத்துப் படங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தில், எடுத்த தேதி அழிந்திருக்கும். கோப்பின் பெயரில் காணும் தேதி உங்களுக்கு வந்து சேர்ந்த நாள்.

படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப்போட்டு பிரிண்ட் எடுத்துவிடுவது அந்தக் காலத்தில் நடக்கக்கூடியதுதான். ஆண்கள் சட்டைப் பை இடது மார்பில் இருக்கும்; பார்க்கிற நமக்கு அது வலப்பக்கம் தெரிய வேண்டும். பெயர்ப்பலகை எழுத்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். முந்தானையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலது தோளில்தான் போகும்.

இனி பெயர். நம் வீடுகளில் எல்லோரும் உறவுமுறையில்தான் வாழ்கிறோம். அதனால் பெயரே எழுதுவதில்லை. "சித்தி" என்று நீங்கள் எழுதுவது உங்கள் பேத்திக்கு யாரோ ஒரு சித்தி. எனவே ஆல்பம் முழுவதற்கும் ஒரே ஆளை நடுவில் வையுங்கள், உங்கள் அம்மாவை வைப்பதே சரி. எல்லா உறவையும் அவரிடமிருந்து எண்ணுங்கள்: "அம்மாவின் இரண்டாவது அண்ணன்", "அம்மாவின் நாத்தனார்". முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவரும் முதன்முதல் வரும் இடத்தில் முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், அப்பா பெயர், ஊர் நான்கும் வர வேண்டும். முதலெழுத்தோடு நிறுத்தாதீர்கள். கல்யாணத்துக்குப் பின் பெண்களுக்கு முதலெழுத்து மாறியிருக்கும், 'எஸ்.' என்பது அப்பாவா புருஷனா என்று அப்புறம் யாருக்கும் விளங்காது. பாப்பா, குஞ்சு, ராசாத்தி எல்லாம் வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

முப்பது பேர் நிற்கும் குரூப் போட்டோவுக்கு "இடமிருந்து வலமாக" என்று பட்டியல் போட்டால், மடியில் இருக்கும் குழந்தையும் வரிசைக்கு நடுவில் எட்டிப்பார்க்கும் தலையும் எண்ணிக்கையைக் கெடுத்துவிடும். பெரிதாக்கிய பிரிண்டின் மேல் டிரேசிங் தாளை வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு எண் போடுங்கள். எண்ணுக்கு எதிரே பெயர். அசல் பிரிண்டின் மேல் வைத்து மட்டும் வரையாதீர்கள். பென்சில் அழுத்தம் தடமாகப் பதிந்துவிடும்.

எழுத்து நடைக்கு வருவோம். ஒரு படத்துக்கு 40 முதல் 120 சொல் வரை நல்ல அளவு. ஏ4 தாளில் ஆறுக்கு நாலு அங்குலப் படம் ஒன்றை ஒட்டியபின் கையால் எழுத 12, 13 வரி இடம் இருக்கும். வரிக்கு ஆறேழு தமிழ்ச் சொல். அதற்குள் அடக்கப் பாருங்கள். கதை பெரிதென்றால் எதிர்ப்பக்கம் முழுவதையும் அதற்குக் கொடுங்கள். எழுத்தைச் சிறிதாக்கி நெருக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். அம்மா சொன்னதை அம்மாவின் பேச்சிலேயே மேற்கோளாக வையுங்கள். "எனக்கு அப்போது மிகவும் பயமாக இருந்தது" என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்; "ஈரக்கொல நடுங்கிப்போச்சு" என்று சொல்லியிருப்பார். அதை அப்படியே எழுதுங்கள். ரேழி, குதிர், அடுக்களை, முற்றம், அப்பத்தா, அம்மாச்சி, ஆத்தா என்று அவர் வாயில் வரும் சொல்லைப் பொதுச்சொல்லாக மாற்றாதீர்கள். இளையவர்களுக்குப் புரியாது என்று தோன்றினால் பக்கத்திலேயே நாலு சொல்லில் விளக்கம் சேர்த்தால் ஆயிற்று. அந்தச் சொற்களுக்காகவே சிலர் பின்னால் இந்த ஆல்பத்தைத் திறப்பார்கள்.

"பொன்னான", "இனிய", "பசுமையான", "மறக்க முடியாத" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அடித்தபின் வரி நொண்டினால், அங்கே விஷயம் இல்லை என்று அர்த்தம். திரும்பப் போய்க் கேளுங்கள். ஒரு படத்துக்குள் முழு வாழ்க்கைக் கதையையும் திணிக்கவும் வேண்டாம். தாத்தா பிறந்தது முதல் இறந்தது வரை ஒரே மூச்சில் எழுதினால் படத்தில் அவர் கையில் வைத்திருக்கும் குடை கதையில் வராமலே போய்விடும். குடையிலிருந்து தொடங்குங்கள்.

தெரிந்தது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் கலக்காமல் எழுதுவது இதில் நேர்மையான வேலை. தமிழில் இதற்குத் தனிக்குறி எதுவும் வேண்டாம். "எடுத்தது", "எடுத்ததாக அம்மா சொன்னார்", "எடுத்திருக்கலாம்" என்ற மூன்று முடிவுகளே போதும். "-ஆம்" விகுதி நமக்கு ஒரு வரம். "சாய்க்கவே இல்லையாம்" என்றாலே கேட்டுச் சொல்வது என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் எழுதுங்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் சொன்னவர், எழுதியவர், எழுதிய தேதி மூன்றும் சின்ன எழுத்தில் வரட்டும்.

எல்லாவற்றையும் எழுதலாமா? கூடாது. சடங்கு போட்டோ, மூத்த தாரம், பிறந்து தங்காத குழந்தை, பங்காளிச் சண்டை எல்லாம் உயிரோடு இருப்பவர்களைத் தொடும். படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டி, சரி என்றால் மட்டும் சேருங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தைத் தனி உறையில் போட்டு, யார் எப்போது திறக்கலாம் என்று மேலே எழுதி வையுங்கள், கிழிக்க வேண்டியதில்லை. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துக் குடும்பத்தோடு எடுத்த படம் பெட்டியில் இருக்கலாம். சிலருக்கு அவருடைய ஒரே படமே அதுதான். ஆல்பத்தின் நடுவில் வைத்துக் குழந்தைகளைத் திடுக்கிட வைக்காமல், அதற்கும் ஒரு உறையும் இரண்டு வரியும் கொடுங்கள்.

400 படத்தில் எத்தனை? ஒரு ஆல்பத்துக்கு 40. வாரம் இரண்டு எழுதினால் ஐந்து மாதத்தில் முடியும். எல்லாவற்றையும் சேர்க்க நினைப்பவர்கள் இருபதாவது பக்கத்தில் நின்றுபோகிறார்கள். தெளிவான படமாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். நேராக நின்று முறைக்கும் பத்துப் படத்தைவிட, கலங்கியிருந்தாலும் திண்ணையில் யாரோ முறம் புடைக்கும் ஒரு படம் கதையைச் சுலபமாகத் தரும். பின்னணியில் வீடு, வண்டி, பாத்திரம், நாய் எது விழுந்திருந்தாலும் அந்தப் படத்தை எடுத்து வையுங்கள்.

இப்போது பொருள்கள். எல்லாத் தப்பையும் திருத்தலாம், ஒட்டிய பசையை மட்டும் எடுக்க முடியாது. அதனால் இதில் அவசரம் வேண்டாம். கடைகளில் கிடைக்கும், பிளாஸ்டிக் ஏட்டைத் தூக்கிப் படத்தை அழுத்தும் ஒட்டும் ஆல்பம் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் படம் கிழியும். செல்லோடேப் பழுப்புக் கறையாக ஊறும். வெள்ளைப் பசை காயும்போது தாளைச் சுருக்கும். பள்ளிக்கூட சார்ட் தாளில் மரக்கூழின் அமிலம் இருப்பதால் சில வருஷத்திலேயே பழுத்து ஒடியும். கேட்டு வாங்க வேண்டியது அமிலமில்லாத தாள், 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேல். உறை வாங்கினால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் ஆக இருக்கட்டும். திறந்ததும் புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் பிவிசி உறை படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

படத்தைப் பசையே இல்லாமல் மூலைப்பிடிகளால் நிறுத்துங்கள். கடையில் கிடைக்காவிட்டால் நீங்களே செய்துகொள்ளலாம். அமிலமில்லாத மெல்லிய தாளில் நாலு சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டு வெட்டுங்கள். நீளப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேல் முனைகள் இரண்டையும் நடுக்கோட்டில் சந்திக்கும்படி கீழே மடித்தால் ஒரு முக்கோணம் வரும். மடிப்பு பக்கத்தை ஆல்பத்தின் தாளில் ஒட்டுங்கள். முக்கோணத்தின் வாய்க்குள் படத்தின் மூலை நுழையும். முதலில் நாலு மூலையிலும் பிடிகளை மாட்டிப் படத்தோடு தாளில் வைத்துப் பார்த்து, இடத்தைப் பென்சிலால் குறித்த பிறகு ஒட்டுங்கள். அரை மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் தாள் உப்பி இறங்கும்போது இறுக்கமாகப் பிடித்த படம் வளைந்துவிடும். பிறகு என்றாவது பின்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் அப்படியே கழற்றிக்கொள்ளவும் முடியும்.

எழுதும் பேனா நிறமி மையில் ஓடுவதாக, 0.4 அல்லது 0.5 மில்லிமீட்டர் முனையோடு இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒரு நாள் காயவிட்டு மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நிறம் பரவினால் அந்தப் பேனா வேண்டாம். தமிழெழுத்துக்கு வரி இடைவெளி எட்டு, ஒன்பது மில்லிமீட்டராவது விடுங்கள். இல்லாவிட்டால் 'ணூ', 'கீ' போன்றவற்றின் சுழிகள் மேல் வரியிலும் கீழ் வரியிலும் போய் இடிக்கும். முதலில் வேறு தாளில் முழுவதும் எழுதி, வரி எண்ணி, அப்புறம் நகல் செய்யுங்கள்.

படத்தின் பின்னால் எழுதுவதென்றால் பழைய காகித பிரிண்டுக்கு 2பி பென்சில், ஓரமாக, அழுத்தாமல். படத்தைச் சுத்தமான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். பால்பாயின்ட் பேனா முகப்பக்கத்தில் கோடாகப் புடைக்கும். 1970களுக்குப் பின் வந்த கலர் பிரிண்டுகளின் முதுகு வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சு. அதில் பென்சில் ஏறாது. அங்கே எண்ணையும் பெயரையும் உறையில் எழுதிவிட்டு, உறைக்குள் படத்தைப் போடுவதே நல்லது. அந்தக் காலத்துக் கலர் படங்கள் சிவந்து வெளுப்பது சாயம் மங்குவதால்; ஆல்பத்தில் அவற்றின் புதுப் பிரதியை வைத்து அசலை இருட்டில் வைத்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), சின்னச் சதுரப் படத்துக்கு 1200. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடி போட்ட ஃபிரேமில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது. மேல்படலம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கண்ணாடிக்கு மேலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதைகளைக் கணினியில் அடித்து அச்சிடுவதாக இருந்தால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துருவில்தான் அடிக்க வேண்டும். டிடிபி கடையில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். போட்டோ புத்தகமாக அச்சிடக் கொடுத்தால் முதலில் பிடிஎஃப் வாங்கி 'கொ', 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' வரும் சொற்களைத் தேடிப் பாருங்கள். கொம்பு தனியே நிற்பது, புள்ளி நழுவுவது எல்லாம் அங்கேதான் தெரியும்.

முடித்த ஆல்பத்தைப் படுக்கை வாட்டில், சுவரை ஒட்டாத பீரோவில் வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்டிக் உறைகளைக் கெடுக்கும். ராமபாணப் பூச்சிக்கு ஈரம்தான் அழைப்பு. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

போட்டோவே இல்லாதவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கேமராவே பார்க்காமல் போன கொள்ளுப்பாட்டி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றில் போரில் வீட்டோடு ஆல்பமும் போய்விட்டது. கனடாவுக்கோ லண்டனுக்கோ முன்பே தபாலில் போன ஒரு பிரதிதான் மிச்சம். அப்படி எங்காவது ஒரு பிரதி இருக்குமா என்று உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் படம் ஒட்டும் இடத்தில் வெறும் கட்டம் ஒன்று வரைந்து, பக்கத்தில் அவர் நிறம், உயரம், எந்தக் கையால் வெற்றிலை மடிப்பார், யார் ஜாடையில் இப்போது தெரிகிறார் என்று எழுதுங்கள்.

அம்மாவுக்கும் அடையாளம் தெரியாத முகங்கள் 400இல் குறைந்தது நாற்பது மிஞ்சும். தூக்கிப் போடாதீர்கள். அவற்றின் பிரதிகளை மட்டும் பக்கத்துக்கு ஆறாக ஒரு தனி நோட்டில் ஒட்டி, எண் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி காலியாக விடுங்கள். அடுத்த குடும்பக் கல்யாணத்துக்கு அந்த நோட்டை எடுத்துப்போய், சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்காரும் நேரம் பார்த்து நடுவில் வையுங்கள். நோட்டின் முதுகில் நூல் கட்டி ஒரு பென்சிலையும் தொங்கவிடுங்கள்.